பணம் வண்டியிலதானே இருக்கு

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை, இப்போது மட்டும் எப்படி மாற்றிக்கொள்வது? இந்த முறையும் கூப்பிட்ட குரலுக்கு “ம்” என்று பதில் வராது என்பது தெரிந்தே எழுதுகிறேன். உங்கள் வண்டியை விற்றுவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

நம் பெண் நித்யாவுக்கு இந்த வருட ஹாஸ்டல் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. நீங்கள் போனபிறகு நாலு மாதமாக வண்டி காட்டூர் வீட்டு வாசலில் கவர் போட்டபடி நின்றது. நான் ஸ்ரீரங்கத்தில் ஸ்கூல் ஆபீஸ் வேலைக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். எனக்கு ஓட்டவும் தெரியாது. கேட்டதற்கு நித்யா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “வித்துடும்மா. நான் ஊர்ல இல்லாதப்ப வித்துடு.”

அந்த வண்டியை வைத்து நாம் போட்ட சண்டை கொஞ்சமா? வேகத்துக்கென்றே செய்த கார், வாங்கும்போதே விலை அதிகம். அதற்கு மேலும் மாதம் ஒரு பார்சல் வரும். ஒரு மாதம் வீல், ஒரு மாதம் சைலன்சர், வண்டியைத் தரையோடு தாழ்த்த ஒரு செட் ஸ்பிரிங். வெள்ளை வண்டிக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஸ்டிக்கர் வேறு. நான் கத்தினால் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். “இது செலவு இல்ல ராதா. பணம் வண்டியிலதானே இருக்கு, எங்க போயிடப் போகுது? விக்கிற அன்னைக்குப் பாரு.”

“நகை வாங்கினா அடகாவது வைக்கலாம். சைலன்சரை யாருங்க அடகு பிடிப்பாங்க?” என்று ஒருநாள் கேட்டேன். அதை ஃபாக்டரியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தீர்களாம். உங்கள் காரியத்துக்குக் கைலாசபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் என்னிடமே அதைச் சொன்னார்கள்.

விற்கிற நாளும் வந்தது. மன்னார்புரத்தில் பழைய கார் வாங்கி விற்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பானெட்டைத் திறந்தார், குனிந்து அடியில் பார்த்தார், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். “புக்ல வெள்ளைன்னு இருக்கு, வண்டி சாம்பலா நிக்குதே மேடம்” என்றார். அப்புறம் ஒரு விலை சொன்னார். மாற்றம் எதுவும் செய்யாத அதே வண்டிக்கு ஊரில் என்ன விலை என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். இது அதைவிட எவ்வளவோ குறைவு.

“இவ்வளவு செலவு பண்ணியிருக்காரேங்க” என்றேன்.

“சார் செலவு பண்ணது சாரோட ஆசைக்கு. வாங்குறவனுக்கு அது பயம் மேடம். எவ்ளோ விரட்டியிருப்பாங்க, இன்ஜின் என்ன கதியோன்னுதான் யோசிப்பான். கழட்டுன ஒரிஜினல் சாமான் இருந்தா மாட்டி வைங்க. நானே நல்ல ரேட்டுக்கு எடுத்துக்கறேன்.”

பதினொரு வருடமாக நான் சொன்னதைத்தான் அந்த மனிதர் சொன்னார். வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. “அவர் வண்டியை விரட்டினதே இல்லைங்க” என்று குரல் உயர்த்திவிட்டேன். எனக்குப் பணமும் வேண்டும், நீங்கள் ஏமாளி இல்லை என்று ஒரு ஆளாவது சொல்லவும் வேண்டும். அதற்கப்புறம் வந்து பார்த்த இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஒரிஜினல் சாமான் என்றதும்தான், நீங்கள் கழற்றியதையெல்லாம் லாஃப்டில் ஏற்றியது ஞாபகம் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வீட்டைக் கழுவிவிட்டோம். அப்போது என் தம்பி ஆள் வைத்து லாஃப்டைக் காலி செய்தான். “எல்லாம் பழைய இரும்புதான்க்கா” என்றான். நான் இருந்த நிலையில், “போடுடா” என்று சொல்லியிருக்கிறேன். சாவு வீட்டில் பழையதை வைக்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள், தலையாட்டினேன். என்ன போகிறது என்று ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

மன்னார்புரத்துக்காரர் வந்துபோன மறுநாள் லீவு போட்டுவிட்டு, தம்பி எல்லாவற்றையும் போட்ட அந்த இரும்புக் கடைக்குப் போனேன். நாலு மாதம் ஆகிவிட்டதே, எந்த உலையில் உருகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். வந்த காரியத்தைச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தப் பொட்டு வெச்ச சாமானாம்மா?” என்று கேட்டார்.

கடையின் பின்பக்கம் ஒரு மூலையில் எல்லாம் அப்படியே இருந்தது. “பூஜை போட்ட சாமான்ம்மா. வருஷா வருஷம் வெச்சிருக்காங்க, பொட்டு மேல பொட்டு. சுத்தியல் போட கை வரல. எப்படியும் தேடி வருவாங்கன்னு விட்டுட்டேன்” என்றார்.

ஆயுத பூஜை அன்று வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்தபிறகு, சந்தனக் கிண்ணத்தோடு ஸ்டூல் போட்டு லாஃப்டில் ஏறுவீர்களே. ஸ்பானர் பெட்டிக்குப் பொட்டு வைக்கிறீர்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கழற்றிப் போட்டதற்கும் பொட்டு வைத்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பழைய வீல், சைலன்சர், ஸ்பிரிங் எல்லாம் எண்ணெய் பூசி, என் பழைய காட்டன் புடவைக் கிழிசலில் சுற்றியிருந்தது. போல்ட், நட்டு தனித்தனிப் பொட்டலம். ஒவ்வொன்றிலும், ஃபாக்டரியில் சரக்கைச் சோதித்துக் கட்டுவீர்களே, அதே மாதிரி ஒரு அட்டை. உங்கள் குண்டுக் கையெழுத்தில் சாமானின் பெயர், ‘நல்ல நிலை’ என்று ஒரு குறிப்பு. சைலன்சரில் இருந்த அட்டையில் மட்டும் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி.

‘ராதா, விற்கும்போது இதையெல்லாம் மாட்டிக் கொடு. அப்போதுதான் விலை வரும்.’

இரும்புக் கடையில் பழைய டயர்மேல் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் பாவம், சோடா வாங்கிவந்து கொடுத்தார்.

உங்களுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நான் சொன்னதுதான் சரி என்று தெரிந்துகொண்டே என்னோடு இத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறீர்கள். அதுகூடப் போகட்டும். விற்கப் போவது நான்தான் என்று எப்போது முடிவு செய்தீர்கள்? நெஞ்சு வலியை வாயு என்று சொன்ன நாட்களிலா, அதற்கும் முன்பேயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு அட்டைதான் கிடைத்ததா?

உங்கள் மெக்கானிக் பாஸ்கர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார். ஸ்டிக்கரை உரித்தால் உள்ளே புது வண்டி மாதிரி வெள்ளை, ஒரு கீறல் இல்லை. வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிவந்தார். முன்பெல்லாம் தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்கும், நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். அன்றைக்கு வண்டி வாசலில் வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. பாஸ்கர் கதவைத் தட்டித்தான் தெரிந்தது.

மன்னார்புரத்துக்காரர் சொன்னபடி நல்ல விலையே கொடுத்தார். கழற்றிய வீலையும் ஸ்பிரிங்கையும் பாஸ்கர் தெரிந்தவர்களிடம் விற்றார். நீங்கள் போட்டதில் கால் பங்கு வந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நஷ்டம்தான். நான் சொன்னதுதான் நடந்தது, ஆனாலும் நான்தான் களைத்துப்போயிருக்கிறேன். யாராவது கேட்டால் மட்டும், “நல்ல விலைக்குப் போச்சுங்க, எங்க வீட்டுக்காரர் அப்படி வெச்சிருந்தார்” என்று சொல்கிறேன். பொய் இல்லையே.

உங்கள் சைலன்சருக்கும் ஆள் வந்தது. கொடுக்கவில்லை. அது லாஃப்டில் இருக்கிறது, எண்ணெய் பூசி, நம் கல்யாண நாளுக்கு நீங்கள் எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையில் சுற்றி வைத்திருக்கிறேன். அட்டையும் கட்டியிருக்கிறேன். ‘விற்பதற்கு இல்லை’ என்று என் கையெழுத்தில்.

ஸ்டூலில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும், உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஏறிப் பொட்டு வைப்பேன். கை எட்டும்வரை வைப்பேன்.

இப்படிக்கு,
தோசைக்கல்லை எப்போது வைப்பதென்று இன்னும் பிடிபடாத
உங்கள் வீட்டுக்காரி ராதா