எழுதாத கார்டு

3.7.2005, ஞாயிறு

ஐந்து கதவிலும் நீலப் பெயிண்டால் பெயர் எழுதி முடித்தேன். வீட்டுக்குப் பின்னால் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்ட ஐந்து ரூம். இனிமேல் தபால்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாம் நம்பரில் பேச்சிராஜ், சுகப்பிரியா. வைகாசியில் தெற்கேயிருந்து குடிவந்த புதுமணப் பிள்ளைகள். சுகப்பிரியா நீளமான பெயர். கதவில் இடம் போதாமல் கடைசி ‘யா’ பக்கத்து நிலைக்கட்டையில் ஏறிவிட்டது. இருக்கட்டும். நன்றாகத்தான் இருக்கிறது.

டீக்கடை ரகுபதி வந்து பார்த்தான். “இன்னா பெருசு, கதவுக்கெல்லாம் பேரு வெச்சுட்ட. மாட்டுக்கு எப்ப?” என்றான். மாட்டுத் தொட்டியில் போன வாரமே எழுதிவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியாது.

6.7.2005

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வளர்கல்வி வகுப்பில் அமலா டீச்சர் விலாசம் எழுதச் சொல்லிக்கொடுத்தது. பெயர், ரூம் நம்பர், ஊர், தபால் நிலையம், பின்கோடு, போன் நம்பர். “ஒண்ணு விட்டாலும் லெட்டர் போய்ச் சேராது தாத்தா” என்றது. ஒன்றுகூட விடவில்லை. நல்ல பெயர் வாங்கினேன். அடுத்த மாதம் இங்கிலீஷ் எழுத்து சொல்லித்தரச் சொல்லியிருக்கிறேன்.

11.7.2005, திங்கள்

என் முதல் தபால்! ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் நேயர்கள் போடும் கார்டைக் காட்டிப் படித்துவிட்டு, பிறகு பாட்டுப் போடுகிறார்கள். அதற்குத்தான் எழுதினேன். ‘எங்கள் வரிசையில் குடியிருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு நல்ல பாட்டு போடவும்’ என்று எழுதி, ஐந்து ரூம் பிள்ளைகள் பெயரும் வரிசையாக எழுதினேன். பேச்சிராஜ், சுகப்பிரியா பெயருக்குப் பக்கத்தில் ‘புதுக் கல்யாணம்’ என்று போட்டேன். கீழே என் பெயர், முழு விலாசம், போன் நம்பர்.

அறுபத்தேழு வயதில் இந்தப் பங்குனியில்தான் எழுதக் கற்றேன் என்று ஒரு வரி சேர்க்க ஆசை. கார்டில் இடம் இல்லை.

காலை எட்டரைக்கு உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது மருமகள் சரோஜா சோற்றுக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

24.7.2005

இந்த ஞாயிறும் வரவில்லை.

7.8.2005, ஞாயிறு

வந்துவிட்டது! வந்துவிட்டது!

என் கார்டை நிகழ்ச்சி நடத்தும் பெண் கையில் பிடித்துக் காட்டியது. டிவி முழுக்க என் எழுத்து. ‘தாண்டவராயன்’ என்ற என் பெயரில் சுழி கொஞ்சம் கோணல், அது கூடத் தெரிந்தது. ஐந்து ரூம் பெயரும் படித்தது. “எழுத்தைப் பார்த்தா யாரோ ஸ்கூல் பையன் எழுதின மாதிரி இருக்கு” என்று சிரித்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சரோஜா, “மாமா, தமிழ்நாடு பூரா உங்க எழுத்தைப் பாத்திருக்கும்” என்றாள். வருத்தம் போய்விட்டது.

பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மூன்றாம் நம்பர் மட்டும் இரண்டு பேரும் ஓ.டி. வேலைக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் வந்ததும் நானே போய்ச் சொன்னேன். பேச்சிராஜ் பைக்குள் கையை விட்டவன் எடுக்கவே இல்லை.

“எங்க பேரையுமா எழுதுனிய, தாத்தா?”

“பின்ன? புதுக் கல்யாணம்னு போட்டேன்பா.”

சுகப்பிரியா சிரிக்கப் பார்த்தது. சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். களைப்பாக இருக்கும்.

9.8.2005, செவ்வாய்

எழுத்து பெரிதாக வருகிறது.

பகல் பதினோரு மணிக்குப் போன். தெற்கத்திப் பேச்சு. ரொம்ப மரியாதை. “பெரியவரே, டிவில கார்டு பாத்தோம். நான் சுகப்பிரியாவுக்கு அண்ணன் சண்முகசுந்தரம் பேசுதேன். தங்கச்சி நல்லா இருக்காளா?” எனக்கு எவ்வளவு சந்தோஷம்! என் கார்டைப் பார்த்து அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் பேசுகிறார். நல்லா கீது தம்பி என்றேன். எந்தக் கம்பெனி என்றார், சொன்னேன். எத்தனை மணிக்கு வரும் என்றார், அதையும் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன்.

சுகப்பிரியா ஷிப்ட் முடிந்து வந்ததும், உங்க அண்ணன் பேசினாரம்மா என்றேன். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டது.

“எங்க அண்ணனா? பேரு சொன்னாவளா?”

சொன்னேன்.

“தாத்தா, நாங்க வீட்டுக்குத் தெரியாம வந்து கட்டிக்கிட்டவுக. இவுக வேற சாதி. எங்க அண்ணன் நலம் விசாரிக்கப் போன் பண்ணுத ஆளு கெடையாது. வந்தா இவுகள உயிரோட விடமாட்டான்.”

எனக்கு ஏன் சொல்லலை? — இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? அவர்கள் ஏன் சொல்ல வேண்டும்? பெயரைக் கேட்டுக்கொண்டு எழுதினேனா? கதவில் எழுதும்போது கேட்டேனா? கார்டில் போடும்போது கேட்டேனா? எழுதத் தெரிந்துவிட்டது என்றால் எல்லார் பெயரும் எனக்குச் சொந்தமா?

10.8.2005, புதன்

அதே ஆள் மறுபடியும் போன் செய்தான். நான் எடுக்கவில்லை. சரோஜா எடுத்தாள். “அவங்க காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க” என்றாள்.

“நேத்து இருக்காவன்னு பெரியவர் சொன்னாரே?”

“அவருக்கு வயசாயிடுச்சுங்க. யாரு பேரு சொல்லிக் கேட்டாலும் ஆமாம்பாரு. எழுதப் படிக்கவும் தெரியாது. அந்தக் கார்டை எவன் எழுதிப் போட்டான்னே எங்களுக்குத் தெரியாது.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். புத்திசாலிப் பெண். அவள் சொன்னதுதான் சரி. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: வலித்தது.

பேச்சிராஜ் வேறு ஊரில் நண்பன் மூலம் வேலையும் ரூமும் பார்க்கிறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் வேண்டுமாம். சுகப்பிரியா வேலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

11.8.2005, வியாழன்

ஐந்து கதவுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். மூன்றாம் நம்பரை மட்டும் அழித்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் அழித்தேன். ஆடிக் கடைசி வெள்ளி, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், அதற்காக அடித்தது என்று கேட்பவர்களிடம் சொல்ல வேண்டும்.

எழுத ஏழு நாள் ஆயிற்று. அழிக்க ஒரு காலை போதும்.

12.8.2005, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். அவசரம் இல்லை. மெதுவாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு சுமோ வந்து நின்றது. நாலு பேர். வெள்ளைச் சட்டை போட்டவன்தான் அண்ணன். குரலிலேயே தெரிந்தது. பேச்சிராஜ் இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில், பாக்கிச் சம்பளத்துக்காகக் கடைசி ஷிப்டில். சுகப்பிரியா எங்கள் அடுக்களையில், சரோஜாவோடு. நான் பின்னால் ரூம் வரிசையில் நின்றேன். அவர்கள் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். மூன்றாம் நம்பர் நிலைக்கட்டையில் நீலத்தில் ‘யா’.

கதவுக்கு அடித்தேன். நிலையை மறந்துவிட்டேன்.

போய் அதன்மேல் தோளைச் சாய்த்து நின்றுகொண்டேன். பிறகு அந்த இடத்தை விட்டு நான் அசையவே இல்லை.

“எல்லாக் கதவும் புதுப் பெயிண்டா இருக்கு?”

“ஆடி வெள்ளிபா. கூழ் ஊத்துறோம். இருந்து குடிச்சிட்டுப் போங்க.”

“கார்டு எழுதுனது நீருதான?”

“எனக்கு எழுத்தே தெரியாதே. எந்த ஸ்கூல் பையன் எழுதிப் போட்டானோ.”

அவன் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தான். ஜெராக்ஸ் எடுத்த தாள். மேலே சுகப்பிரியாவின் படம். கீழே எழுத்து. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எழுத்துத் தெரியாத கண்ணோடு அறுபத்தாறு வருஷம் இருந்தவன் நான். அந்தக் கண் இப்போது ஒரு நிமிஷத்துக்குக் கூடத் திரும்பி வரவில்லை. படிக்கக் கூடாது, படிக்கக் கூடாது என்று நினைக்கும்போதே படித்துவிட்டேன். ‘காணவில்லை. சுகப்பிரியா. வயது 20.’ அதற்குக் கீழே: ‘உன் அம்மா சாகக் கிடக்கிறாள். உடனே வா.’

ஐயோ, அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு — நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். படத்தை மட்டும் விரலால் தொட்டு, “இந்தப் பொண்ணு கொஞ்ச நாள் இருந்துச்சு. போய்டுச்சு. கீழ இன்னா எழுதிக்கீது?” என்று கேட்டேன்.

அவன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வாசல் பக்கம் திரும்பினான். சுமோவைப் பார்த்துவிட்டு ரகுபதி தோளில் துண்டோடு வந்து நின்றிருந்தான்.

“அண்ணாச்சி, இவருக்கு எழுதத் தெரியுமா, தெரியாதா?”

ரகுபதிக்கு நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. தினமும் அவன் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் பேப்பர் படிக்கிறவன் நான். அவன் என்னைப் பார்த்தான். அவர்களைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். பிறகு கெக்கேபிக்கே என்று சிரித்தான்.

“இந்தப் பெருசுக்கா? எழுத்துத் தெரிஞ்சிருந்தா ஆளு இன்னாத்துக்கு இப்டிக் கீறாரு? இன்னா எழுதிக்கீதுன்னே தெரியாம பெருவெரலை உருட்டி நெலம் மொத்தத்தையும் தாரை வாத்துட்டு நிக்கிற ஆளுபா இது! ஊருக்கே தெரியும்.”

உண்மை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அதை யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அதற்காகத்தான் இந்த வயதில் சிலேட்டைத் தூக்கினேன். இன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அண்ணன்காரனுக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை. தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினான். “அவ வந்தா தகவல் சொல்லுதேன்னு ஒரு கையெழுத்துப் போடும்.”

“மை இருந்தாக் குடு தம்பி.”

அந்தப் பேனாவின் மையையே என் பெருவிரலில் தேய்த்தான். வைத்தேன். கைநாட்டு. அவன் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு நாலாய் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

சுமோ திரும்பிப் போகும்வரை தோளை எடுக்கவில்லை. எடுத்தபோது சட்டையெல்லாம் வேர்வை.

“இன்னா விஷயம் பெருசு?” என்றான் ரகுபதி.

“பொறவு சொல்றேன்.”

“சொல்லவே வேணாம் போ” என்று கடைக்குப் போய்விட்டான்.

அடுக்களையில் சுகப்பிரியா சுவர் மூலையில் உட்கார்ந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. “அம்மா, உங்கம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலைன்னு அந்தத் தாள்ல எழுதிக்கீது” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தது. “எங்கம்மா செத்து மூணு வருசம் ஆச்சு, தாத்தா.”

மூன்று மணி ஷிப்ட் பஸ்ஸில், கூட வேலை செய்யும் பெண்களுக்கு நடுவில் சுகப்பிரியாவை ஏற்றிவிட்டோம். சரோஜாவின் புடவை, தலையில் முக்காடு. பேச்சிராஜ் வழியில் சேர்ந்துகொள்வான். எங்கே போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தது. “வேணாம்மா. எங்கிட்ட சொல்லாத” என்றேன். என் விலாசம் எழுதிய ஒரு கார்டைக் கையில் கொடுத்தேன். “போய்ச் சேர்ந்ததும் இதைப் போட்டுடு. ஒண்ணும் எழுதாத. பேர்கூட.”

காலைத் தொட்டுக் கும்பிட்டது. நான் செய்த வேலைக்கு என் காலையா தொட வேண்டும்?

13.8.2005

பெருவிரலில் மை இன்னும் போகவில்லை. நிலைக்கட்டையில் இருந்த ‘யா’வைச் சுரண்டிவிட்டேன்.

17.8.2005, புதன்

வகுப்பில் டீச்சர் எல்லாரையும் வீட்டில் இருப்பவர்கள் பெயரை எழுதச் சொன்னது. “அவங்களக் கேட்டுட்டு எழுதறேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

21.8.2005, ஞாயிறு

டிவியில் அதே பெண் வேறு யாருடைய கார்டையோ காட்டியது. பெயர், விலாசம், போன் நம்பர். எழுந்து போய் நிறுத்தினேன்.

போன் மணி அடித்தால் சரோஜாவை எடுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். ஒன்றும் இல்லை. பேப்பரில் ஊர்ச் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். எந்தப் பெயரும் வந்துவிடக் கூடாது என்று படிக்கிறேன்.

28.8.2005

இன்றும் இல்லை. பஸ் வழியில் நின்றிருக்குமோ? சுமோ கம்பெனி வாசலில் காத்திருந்திருக்குமோ? கம்பெனிப் பெயரையும் நான்தானே சொன்னேன்.

2.9.2005, வெள்ளி

கார்டு வந்தது.

ஒரு பக்கம் என் எழுத்தில் என் விலாசம். சுழி இன்னும் கோணல்தான். மறுபக்கம் வெள்ளை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த வெள்ளைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இந்த ஆறு மாதத்தில் இவ்வளவு நல்ல சேதி எதையும் நான் படித்ததில்லை.

தபால் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. இங்கிலீஷில் ஊர்ப் பெயர். ஏழு எழுத்து. அமலா டீச்சர் நேற்றுத்தான் இங்கிலீஷ் ஆரம்பித்தது. முதல் நாலு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. அதில் ஒன்று முத்திரையில் இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் போனால் முழுதும் படித்துவிடுவேன்.

பேனாவை எடுத்து முத்திரை மேல் வட்டம் வட்டமாகக் கிறுக்கினேன். ஒரு எழுத்தும் தெரியாதபடி அழுத்திக் கிறுக்கினேன்.

“யாரு மாமா கார்டு போட்டது?” என்றாள் சரோஜா.

“தெரியலம்மா. ஒண்ணும் எழுதல.”

அவள் கார்டை வாங்கிப் பார்த்தாள். மை அப்பிய இடத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினாள்.