அப்பாவின் வெயிட்டிங் லிஸ்ட்

அன்பு மகளுக்கு,

போனில் எழுதினால் உன் அப்பா பார்த்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்குச் சென்னை வர எனக்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்தேன். "அவ வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றவரிடம் என்ன கேட்பது?

மறுவாரம் அவரே தேனி ஸ்டேஷனில் வரிசையில் நின்று அதே ரயிலுக்கு ஒன்று வாங்கி வந்தார். ஏலக்காய் விலை விசாரிக்கப் போகிறாராம், கிறிஸ்துமஸ் அன்றைக்கு! கிடைத்தது வெயிட்டிங் லிஸ்ட். விடிந்ததும் ஜெபத்துக்கு முன்னாலேயே என் போனை எடுத்துப் பார்க்கிறார். "ஒருத்தரும் கேன்சல் பண்ண மாட்டேங்கிறாகளே" என்று சலிப்பு வேறு.

அவருக்கு இடம் கிடைக்காவிட்டால் என் டிக்கெட்டை அவர் பெயருக்கு மாற்றிவிடுவேன். கணவன் மனைவிக்குள் மாற்றலாமாம், கவுண்டரில் கேட்டுவிட்டேன். நான் உன்னைத் தினமும் வீடியோவில் பார்க்கிறேன். அவர் உன் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவே இல்லை.

யார் இறங்கினாலும், ஸ்டேஷனுக்கு நீயே வா.

உன் அம்மா