களத்தில் கழற்றாத செருப்பு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ எழுதிய ஊர் வரலாற்றின் இரண்டாம் பதிப்புத் தாள்கள் இன்று தபாலில் வந்தன. முன்பக்கத்தில் போட உன்னைப் பற்றி நான் எழுதித் தர வேண்டுமாம். புது மை வாடை அறை முழுக்க அடிக்கிறது. நீ செத்து ஓராண்டு ஆகிறது. பொறாமை மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

நாம் இருவரும் கணியம்பாடியிலிருந்து ஒரே நாளில் மலையேறி ஜமுனாமரத்தூர் பள்ளிக்கு ஆசிரியர்களாக வந்தோம். இந்த ஊரின் கதையை எழுதும் எண்ணம் முதலில் எனக்குத்தான் வந்தது. விடுமுறை முழுக்கப் பழைய அரசு ஆவணங்களைக் கையால் படியெடுத்தேன். நீ அப்போது கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தாய்.

பிறகு அந்தச் சாமைக் களம். அங்கிருந்த பெரியவரிடம் பழைய கதை கேட்கலாம் என்று நோட்டோடு நேராக உள்ளே போய்விட்டேன். அவர் முகம் சுருங்கிற்று.

"இன்னா சார், தானியம் கொட்ற எடத்துல செருப்போட வர்றீங்க?"

நீ வரப்பிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாய். "நீங்க குந்துங்க சார்" என்று உன்னிடம் திரும்பிக்கொண்டார். "அப்ப இங்க கடை ஏது? ஒரு மரத்தடிதான். புளி, சாமை, தேனு தூக்கினு வருவோம். கீழ்நாட்டுலேர்ந்து உப்பும் துணியும் வரும். மாத்திக்கினு போவோம். ரோடு வந்தப்புறம்தான் இது டவுனு."

என் தாள்களில் சாலை போட்ட விவரம் இருந்தது. அந்த மரம் இல்லை.

திரும்பும்போது நீ சிரித்தாய்: "டேய், அவ்ளோ படிச்ச, குனிஞ்சி கால பாக்கலியே!"

அதற்குப் பிறகு எல்லா வீடுகளிலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். எரிச்சலில் என் தாள்கட்டை உன் மேசையில் போட்டுவிட்டுப் போனேன். அதை நீ சாலை அத்தியாயம் ஆக்கினாய். யாரும் படிக்காத அத்தியாயம்.

போன வாரம் சந்தையில் புளி விற்கும் அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க அந்த சாரு கூட வர்றவருதான? பாவம், பூட்டாரே. எங்க வூட்ல எத்தினி நாள் களி துன்னாரு!" இதே ஊரில் இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு வீட்டிலும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

நீ திருடவில்லை. திருடியிருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். களங்களைக் கண்டால் இன்றும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

முன்பக்கத்துக்கு இதையே கொடுக்கிறேன். என் பெயரைப் போட்டால், அடியில் 'நூலாசிரியரின் நண்பர்' என்று அச்சடிப்பார்கள். அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.