தூங்கிய வருடங்களைக் கழித்தால்

மார்ச் 3
இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், வேறு யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் தங்கைக்கு.

எங்கள் விண்கப்பலில் பிறந்த தேதி பார்த்துத்தான் பதவி. அந்தக் கணக்கில் எனக்கு இருபத்திரண்டு. ஆனால் என் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும்வரை எட்டு வருடம் உடம்பை உறையவைக்கும் அறையில் தூங்க வைத்திருந்தார்கள். எழுந்தபோதும் நான் அதே பதினாலு. இரண்டு வயது இளையவளான தங்கை இருபது வயதுப் பெண்ணாக எதிரில் நிற்கிறாள்.

மூன்றாம் அதிகாரி வேலைக்கு அவள்தான் ராப்பகலாகப் படித்தாள். இன்று அது எனக்கு வந்துவிட்டது. "மூத்தவ இருக்க இளையவளுக்குக் குடுத்தா முறையா?" என்றாராம் கேப்டன்.

சாப்பாட்டு மேஜையில் தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 5
நாளை கட்டுப்பாட்டு அறையில் என் முதல் ஷிப்ட். தெரியாமல் எந்த வெளிக்கதவையாவது திறக்கச் சொல்லிவிட்டால்? உள்ளே இத்தனை பேர் இருக்கிறார்களே!

மார்ச் 6
மானம் போச்சு.

அதிகாரி நாற்காலியில் என் கால் தரைக்கு எட்டவில்லை. நரைத்த மீசைக்கார ஓட்டுநர் எனக்கு சல்யூட் வைத்து, "உத்தரவு, மேடம்?" என்றார். வகுப்பில் செய்வதுபோலக் கையைத் தூக்கினேன். "சார், பாத்ரூம் போகலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

பின்னால் நின்ற கேப்டன் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தார். "தூங்கினத கழிச்சா உனக்கு எவ்ளோம்மா?"

"பதினாலு, சார்."

"தப்பு என்னோடது. இனிமே தூங்கின வருஷம் யாருக்கும் கணக்கில்ல."

தலைமை இன்ஜினியர் அத்தை விடவில்லை. "யாருக்கும்னா? நீங்களும்தான் பத்து வருஷம் குறட்டை விட்டீங்க. கழிச்சா நான்ல மூத்தவ?"

என்னால் கேப்டனின் பதவியும் போகிறதே! சொன்னதை வாபஸ் வாங்கிவிடுவாரோ?

அவர் தொப்பியைக் கழற்றி அத்தையிடம் நீட்டினார். "எடுத்துக்கோங்கக்கா. கொஞ்சம் லூசா இருக்கும், பாத்து."

அப்பாடா! ஓடினேன், பாத்ரூமுக்கு.

மார்ச் 9
நாளையிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம். கணக்குப் பரீட்சைகூட இருக்கிறது, இருக்கட்டும்.

தங்கை தோளில் புதுப் பட்டை. என் தட்டிலிருந்து கேட்காமலே எடுத்துத் தின்றாள். பிறகு, "அக்கான்னு எல்லாம் பாக்க மாட்டேன். லைட்ட அணைக்கலன்னா எழுதிக் குடுத்துடுவேன்" என்றாள்.

இரவில் அறை அறையாகப் போய் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாம் அதிகாரியின் வேலை. நல்லவேளை, அது என் தலையில் விழாமல் — ஐயோ, கதவு தட்டுகிறா