வாடைக்காற்றுக்கு ஒரு நகல்

14-10-68, திங்கள். பொன்னேரி. மந்தாரம்.

1. எழுதுபவர்: முன்சீப் கோர்ட் வக்கீல், வயது ஐம்பத்திரண்டு, முழு நினைவுடன்.
2. படிப்பவர்: வேறு எவரும் இலர்.
3. இன்று முடித்தது: பழவேற்காட்டு மீனவர் இருவரின் ராஜிப் பத்திரம்.

கோதண்டம், முனுசாமி. பங்காளிகள். முகத்துவாரத்து இறால் ஓடையில் யார் முறை என்ற தகராறு. வழக்கப்படி ஒருவர் வலை போட்ட பின்பே மற்றவர். "எப்போது?" என்றால் "அவன் போட்டப்பறம்" என்பதே பதில். கோர்ட்டில் நிற்காது. ஆங்கிலத்தில் வரைந்து தமிழாக்கினேன்: திங்கள், புதன், வெள்ளி கோதண்டத்துக்கு; செவ்வாய், வியாழன், சனி முனுசாமிக்கு. விதி 4: பயன்படுத்தாத நாள் காலாவதி.

கோதண்டம்: "காத்தடிச்சா, சார்?"

"அந்த நாள் போய்விடும்."

"நாளு போவும். மொற எங்க போவும்?"

முனுசாமி, கோதண்டத்திடம்: "வாடக்காத்துக்கும் ஒரு நகலு குடுத்துடு நைனா! திங்கக்கெழம உன்னுதுன்னு அதுக்கும் தெரியட்டும்."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

19-10-68, சனி. மழை. அங்கி காயவில்லை. குமாஸ்தாவுக்கு ஜுரம்.

கோதண்டம் வந்தார். புதனும் வெள்ளியும் காற்று. நடுவே வியாழன் அமைதி. முனுசாமிக்குக் கூடை கூடையாக இறால்.

"பேஜாரா கீது சார். என்னுது ரெண்டு மொற நிக்குதா, இல்லியா?"

"இல்லை. விதி 4." பிறகு நெடிய விளக்கம். "செரி சார்" என்று போனார். குடை கொண்டுவரவில்லை.

21-10-68, திங்கள். கடுங்காற்று. முருங்கை முறிந்தது. கோர்ட்டில் என் வழக்குகள் வாய்தா.

23-10-68, புதன்.

திங்களன்று அந்தக் காற்றில் கோதண்டம் தனியே போயிருக்கிறார். படகு கவிழ்ந்தது. நேற்று உடல் ஒதுங்கியது.

பழவேற்காடு போய்வந்தேன். அவர் மனைவி ராஜம்மாள்: "இன்னிக்கு வுட்டா அது வராது, வக்கீலய்யா சொல்ட்டாருன்னு போனாரு." குற்றம் சாட்டும் குரல் அன்று. அதுவே தாங்கவில்லை.

வீட்டில் தமிழ், தொழிலில் ஆங்கிலம். காலத்தை எந்த மொழியில் எண்ணினேன்? ஆங்கிலத்தில் வரைந்ததால் வந்த வினை என்று எழுதத் தோன்றியது. அடித்துவிட்டேன். குற்றத்தை மொழிமீது சுமத்துவது வசதி. அதே ஆங்கிலத்தில்தான் திங்களன்று கோர்ட் காற்றுக்கு வாய்தா கொடுத்தது. என் வழக்கு எதுவும் காலாவதி ஆகவில்லை.

காற்று நின்றபின், ஒரு செவ்வாய்.

ஓடையில் இறால் துள்ளுகிறது. ஒரு படகும் இல்லை. கரையில் முனுசாமி, மடித்த வலையோடு. பக்கத்தில் கோதண்டத்தின் தம்பி காசி.

"இன்று உங்கள் நாள் அல்லவா?"

"நாளு என்னுது சார். மொற அவன்து. காரியம் முடியட்டும், காசி வந்து போடுவான். அதுவரிக்கும் நிக்கும்."

கரையிலேயே உட்கார்ந்து எழுதினேன்:

விதி 4 ரத்து. பதிலாக: காற்றடித்தால் முறை நிற்கும்.

ஒப்பம்: ச. து., வக்கீல்.
சாட்சிகள்: முனுசாமி, காசி.