மேற்கே திரும்பிய நூலகம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இதைப் போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

நான் முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய கல்லூரிக்கு நூறு வயதாகப் போகிறது. அதன் கட்டடங்களின் கதையை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஓய்வு பெற்றவள் சும்மாதானே இருக்கிறாள் என்று நினைப்பு! ஆறு அத்தியாயம் முடித்துவிட்டேன். முதல் ஓட்டுக் கட்டடம் குதிரை லாயமாக இருந்ததாம். சுவரில் வளையம் மாட்டிய துளைகள் இன்னும் இருக்கின்றன. பெண்கள் விடுதிக்கு மாடி தானாக வந்துவிடவில்லை. பெண்கள் ஒன்பது நாள் பெட்டி படுக்கையோடு முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

ஏழாவது, நூலகம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

படிப்பறை மேற்கே பார்த்திருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறார்கள். வருகிறவர்களிடம், "அந்தி வெளிச்சத்துக்காகவே கட்டடக் கலைஞர் இப்படி அமைத்தார்" என்று பெருமையாகச் சொல்கிறோம். உள்ளே இருந்தவர்களுக்கு வேறு கதை தெரியும். கிழக்கே வரவேண்டிய அறை அது. வரைபடத்தை அச்செடுக்கும்போது, நாமெல்லாம் பிரிண்ட் அண்ணன் என்று கூப்பிட்ட அச்சுக்காரர் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டார் என்று சொல்லி அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். நீ அப்போது அவர் வேலை பார்த்த அதே எஞ்சினியர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்தாய். நானும் அந்தக் கதையை நம்பினேன்.

போன வாரம் பழைய கிடங்கில் அந்த அச்சுப்படம் கிடைத்தது. தாளைத் திருப்பிப் போட்டிருந்தால் எழுத்தும் திரும்பியிருக்க வேண்டுமே? எழுத்து நேராக இருக்கிறது. கட்டடம் மட்டும் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் பிழை அச்சில் இல்லை, அச்சுக்குப் போன படத்தில். அந்தப் படத்தில் ஏழு என்ற எண் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு கோடு. நம் வீட்டில் ஒரே ஒருவன்தான் அப்படி ஏழு போடுவான்.

என்னடா நடந்தது? எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டு நாள் மேஜையில் திறந்தபடியே கிடந்தது. நீ சரித்திரம் படித்திருக்க வேண்டியதில்லை, போலீஸில் சேர்ந்திருக்கலாம்.

ஆமாம், நான்தான். எனக்கு அப்போது இருபத்திநாலு வயது. கட்டடக் கலைஞரின் மூலப்படம் மெல்லிய டிரேசிங் தாளில் இருந்தது. கோடு இரண்டு பக்கமும் தெரியும். குறிப்புகளை அவர் தனித்தாளில் எழுதுவார். படத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பிரதி எடுத்தேன், பிறகு எழுத்துகளை நேராக எழுதினேன். யாருக்கும் நடக்கும். சுவர் எழும்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பேசாம இரு" என்றார் பெரிய எஞ்சினியர். இருந்துவிட்டேன். அவர் தந்த சிபாரிசில்தான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன், உனக்கே தெரியும்.

புத்தக வெளியீட்டுக்கு என்னைத்தான் தலைமை விருந்தினராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்லூரியின் புதிய கலையரங்கத்தை வரைவதும் நான்தான். இந்த நேரத்தில் ஏன்க்கா கிளறுகிறாய்? நூலகம் கல்லாட்டம் நிற்கிறது. அந்தி வெளிச்சக் கதையால் யாருக்கும் கெடுதல் இல்லை. அம்மா இருந்திருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பாள்.

தம்பி

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

அம்மாவை நடுவில் இழுக்காதே. அம்மா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பாள்.

யாருக்கும் கெடுதல் இல்லையா? பிரிண்ட் அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்தேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மகளோடு இருக்கிறார். அந்த நீக்க உத்தரவுக்குப் பிறகு எந்த அலுவலகமும் அவரை அச்சு மெஷின் பக்கம் சேர்க்கவில்லையாம். மரக்கடையில் பலகை அடுக்கியே காலம் போய்விட்டது.

நான் எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். "வரைவுப் பிரிவில் ஒருவர் கவனக்குறைவால் படத்தைத் திருப்பிவிட்டார், அச்செடுத்தவர் மீது தவறில்லை." மூன்று தடவை படிக்கச் சொன்னார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், சுள்ளென்று கோபம் வந்தது அவருக்கு.

"ஒருவர்னு போட்டிருக்கீங்களே டீச்சர், அந்த ஒருவருக்குப் பேர் கிடையாதா? எனக்கு மட்டும் பேர் போட்டுத்தானே ஆர்டர் குடுத்தாங்க."

என் தம்பி என்பதால்தான் பேரை விட்டேன். நீ செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். முதல் அச்சு எடுத்ததும் ஈரத்தோடு உன் மேஜைக்குக் கொண்டுவந்தாராம். "தம்பி, மாடிப்படி இடது பக்கமா வருதே, மூலத்துல வலது பக்கம்னு ஞாபகம். ஒரு தடவ பாத்துடுங்க" என்றாராம். "உங்க வேலை அச்சு எடுக்கறது, அதை மட்டும் பாருங்க" என்றாயாம் நீ. அஸ்திவாரம் தோண்ட அப்போது இன்னும் பதினோரு நாள் இருந்ததாம்.

இது நிஜமா? இதை மட்டும் எனக்குச் சொல்.

நூற்றாண்டு விழாக் கமிட்டிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். ஏழாவது அத்தியாயம் இல்லையென்றால் மற்ற ஆறும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மே இரண்டாம் தேதி அச்சுக்குப் போகிறது. உன் பேர் அதில் இருக்கும். நீ என்னோடு பேசாமல் போனாலும் இருக்கும். அழுதுகொண்டேதான் எழுதினேன், ஆனால் எழுதிய பேரை அடித்துவிட மாட்டேன். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 25

அக்கா,

நிஜம்.

பிரிண்ட் அண்ணன் போனதும் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். திருப்பித்தான் வரைந்திருந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து வரையவேண்டும். எஞ்சினியரிடம் போய்த் தப்பு செய்துவிட்டேன் என்று நிற்கவேண்டும். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். அச்சுப்படம் சரியென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவரை வேலையை விட்டு அனுப்பிய அன்று, கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் படியிறங்கும்வரை வெளியே வரவில்லை.

போன கடிதத்தில் உனக்கும் பொய்தான் எழுதினேன். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி, சுவர் எழும்பிய பிறகுதான் தெரிந்தது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

நீ அனுப்பிய பக்கத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். என் பேரை நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய். "கவனக்குறைவால்" என்ற சொல்லை மட்டும் அடித்திருக்கிறேன். வாக்கியத்தை "திரும்பிய படத்தைத் தெரிந்தே அனுப்பிவிட்டார்" என்று முடி. அச்செடுத்தவர் முன்கூட்டியே எச்சரித்தார் என்பதையும், அவருடைய முழுப்பேரையும் சேர்த்திருக்கிறேன். கலையரங்கத்தை வேறு யாராவது வரையட்டும் என்று முதல்வருக்கு எழுதிவிட்டேன், காரணத்தோடு.

விழாவுக்கு வரமாட்டேன். ஆனால் ஊருக்கு வருகிறேன், மே பன்னிரண்டாம் தேதி. நேரே பிரிண்ட் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். அவர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாலும் சரி, நான் போயாகவேண்டும்.

நீயும் கூட வாக்கா. தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தம்பி