பக்கத்து சீட்டின் பிரேக்

பிப்ரவரி 4

அலுவலகத்தில் எனக்கு வழியனுப்பு விழா. காப்பீட்டுக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறேன். "இவங்க இடத்தை யாராலயும் நிரப்ப முடியாது" என்று மேலாளர் தழுதழுத்தார். அவர் பேசி முடிப்பதற்குள் என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

திங்கள் முதல் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தரும் வேலை. நாற்பத்தாறு வயதில். எனக்குப் பைத்தியமா? இருக்கலாம். சந்தோஷமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 6

வீட்டில் புயல் ஓயவில்லை. மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். "கண்டவங்களுக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுக்கவா இவ்வளவு படிச்சே?" என்பதுதான் கடைசியாகப் பேசியது. மகள், "செம கெத்தும்மா!" என்று கட்டிக்கொண்டாள். "ஆனா எங்க காலேஜ் பக்கம் மட்டும் வண்டியக் கொண்டுவந்துடாத."

என் கணவர் ஃபோனில் யாரிடமோ சொல்கிறார்: "அவ இப்ப கல்வித்துறையில இருக்கா."

பிப்ரவரி 9

சொல்லித்தருபவர் உட்காரும் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கிறது. நிஜமான பிரேக்! என் கணவர் கார் ஓட்டும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்மிதியே தேய்ந்துவிட்டது. "அங்க என்ன இருக்குன்னு மிதிக்கிற?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

இங்கே இருக்கிறதே!

பிப்ரவரி 20

அந்தப் பிரேக்கே எனக்கு எமனாகிவிடும் போலிருக்கிறது. "மேடம், எல்லாத்துக்கும் நீங்களே மிதிச்சுட்டா அவங்க எப்பதான் கத்துக்கிறது?" என்றார் ஓனர். என்னிடம் வந்த இரண்டு பேரும் வேறு ஆசிரியரிடம் போய்விட்டார்கள்.

"ஏப்ரல் முடியுற வரைக்கும் பார்க்கலாம். உங்ககிட்ட கத்துக்கிட்ட ஒருத்தராவது பாஸாகணும். இல்லேன்னா ஆஃபீஸ்ல ஃபோன் எடுக்கிற வேலை தர்றேன்."

ஃபோனை எடுத்து என்ன சொல்வேன்? தங்கள் புகார் பரிசீலனையில்... ஐயோ, வேண்டவே வேண்டாம்.

பிப்ரவரி 21

யாரும் வரவில்லை. காரைத் துடைத்தேன்.

பிப்ரவரி 24

லேடி டீச்சர்தான் வேண்டும் என்று ஒருவர் வந்திருப்பதாக ஓனர் கூப்பிட்டார். ஓடினேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் — என் மாமியார்.

"அத்தை, நீங்களா?"

"என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடான்னா உன் புருஷன் 'அடுத்த வாரம்'ங்கிறான். எத்தனை வருஷமாத்தான் அடுத்த வாரம்? சும்மா நிக்காத, சாவிய எடு. அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது."

மார்ச் 11

காரில் என்னை 'மேடம்' என்கிறார் அத்தை. வீட்டுக்கு வந்ததும், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதாம், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திட்டுகிறார். பிரமாதமாக நடிக்கிறார். நடிப்புதானே?

ஏப்ரல் 22

டெஸ்ட். பின் சீட்டில் அதிகாரி. நான் பிரேக்கைத் தொட்டால் அத்தை ஃபெயில். என் வேலையும் போச்சு. திருப்பத்தில் ஒரு லாரி ரிவர்ஸில் வருது — ஐயோ, காலு போகுது, தானாப் போகுது — ரெண்டு காலையும் பின்னிச் சீட்டுக்கடியில இழுத்துக்கிட்டேன். கண்ணையும் மூடிட்டேன்.

கார் நின்றது. அத்தைதான் நிறுத்தியிருந்தார். "கண்ண எங்கப்பா வச்சிருக்க?" என்று லாரிக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டார்.

பாஸ்!

"ஃபோன் எடுக்க வேற ஆளப் பார்த்துக்கிறேன் மேடம்" என்றார் ஓனர். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

மே 3, ஞாயிறு

அத்தை லைசன்ஸை மேசைமேல் வைத்ததும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எல்லோருமாக அத்தையின் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். ஓட்டியது அத்தை. "நான் பக்கத்துல உட்கார்றேன். அம்மாவுக்கு யாராவது சொல்லணும்ல" என்று இவர் முன்னால் ஏறிக்கொண்டார். கல்வித்துறையைப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்.

முதல் சிக்னல் வருவதற்குள் இவர் கால் ஆரம்பித்துவிட்டது. தரையை ஒரு மிதி. இன்னொரு மிதி.

"கால வச்சுக்கிட்டு சும்மா உட்காருடா" என்றார் அத்தை, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க என்ன இருக்குன்னு மிதிக்கிற?"

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.